இடப்பக்கத்துக் கிளட்ச்

மறுபடியும் கர்ரென்று அதே சத்தம். ரிவர்ஸ் விழவில்லை. மெஹர் கியர் குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், திட்டு வரப்போகிறது என்று தெரிந்த முகம். நாற்பத்து மூன்று வயது, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், இந்தக் காருக்குள் ஏறினால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையாகிவிடுகிறாள். "கிளட்ச்ச முழுசா அழுத்துங்கன்னு எத்தன தடவ சொல்றது" என்று கேட்கிறேன். கேட்கும்போதே அலுப்பாக இருக்கிறது, என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மூன்று வாரமாக இவளிடம் இந்த ஒரே வாக்கியம்தான். நாலு மணி வெயில் முன்கண்ணாடி வழியாக நேராக மடியில் விழுகிறது, ஏசி போன கோடையிலேயே செத்துப்போய்விட்டது, கதவுக் கண்ணாடியை இறக்கினால் அஸ்தம்பட்டிப் புழுதி, ஏற்றினால் வேக்காடு. நாளைக் காலை பத்து மணிக்கு இவளுக்கு ஆர்டிஓ டெஸ்ட், இரண்டாவது தடவை. போன மாதம் முதல் தடவை போனபோது எட்டு அழகாகத்தான் போட்டாள், கடைசியில் ரிவர்ஸில் வந்து நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர், அங்கே வந்தது இதே கர்ர், ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் அவர் வெளியே நின்றபடியே கையை அசைத்து அடுத்த வண்டி என்றுவிட்டார். அன்றும் நான் இதே இடது சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், கால் பத்தலம்மா, கால் பத்தல என்று.

"அழுத்தறேன் மேடம். கடைசில கட்ட மாதிரி நின்னுடுது, அதுக்கு மேல போக மாட்டேங்குது" என்கிறாள். இதையும் மூன்று வாரமாகச் சொல்கிறாள். எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். சீட் உயரம் என்பார்கள், செருப்பு என்பார்கள், கண்ணாடியில் வெயில் என்பார்கள், இந்த ஊரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பெண்களில் பாதிப்பேர் தப்பு தங்களுடையது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு வருகிறவர்கள், மீதிப்பேர் வண்டி மேல் போடுகிறவர்கள், இவள் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை அணைக்கச் சொல்கிறேன். அணைத்துவிட்டு ரிவர்ஸ் போடச் சொல்கிறேன். சத்தமே இல்லாமல் போய் உட்காருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் விழுகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மெக்கானிக் ஏகாம்பரம். எஞ்சின் ஓடாதபோது விழுந்து, ஓடும்போது விழாவிட்டால் கியர்பாக்ஸைத் திட்டாதே, கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்று அர்த்தம், எஞ்சின் சுற்றுகிற சுற்று இன்னும் கொஞ்சம் கியருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைக் கொண்டுபோய்க் கோத்தால் சத்தம் வராமல் என்ன செய்யும். அதிலும் முதலில் மாட்டிக்கொள்வது ரிவர்ஸ்தான், முன்னால் போகிற கியர்களுக்கு வேகத்தைச் சமப்படுத்திக் கொடுக்க ஒரு வளையம் உண்டு, அதற்கு அது கிடையாது. ஆகவே கிளட்ச். கிளட்ச் என்றால் கேபிள். கேபிளை மாற்றினோம். பெடல் பிடிப்பதற்கு முன்னால் சும்மா இறங்குகிற இடைவெளி எத்தனை விரல் அகலம் என்று அளந்து சரிசெய்தோம். கியர் ஆயிலை வடித்துப் பார்த்தார், எஞ்சினைத் தாங்குகிற ரப்பரை ஆட்டிப் பார்த்தார், கியர் கம்பியின் அடியில் உள்ள புஷ்ஷைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரே ஏறி ஐந்து ரோடு சந்திப்பு வரை ஓட்டிப்போய் வந்தார். வெண்ணெய் மாதிரி விழுதுக்கா என்றார். நானும் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிதான் விழுந்தது. அப்புறம் மெஹர் ஏறினாள், நான் இந்தப் பக்கம் ஏறினேன், கர்ர். பின்னே யார் மேல் சந்தேகப்படுவது? ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், ஓட்டறவங்க காலுக்கு என்கிட்ட ஸ்பேனர் இல்லக்கா என்றார்.

சரி, நேராகவே போங்கள் என்கிறேன், ரிவர்ஸை அப்புறம் பார்க்கலாம், கன்னங்குறிச்சி ரோட்டில் ஒரு சுற்று. முதல் கியரும் இரண்டு தரம் முரண்டுபிடித்துத்தான் விழுகிறது. கிளட்சை மெல்ல விட்டு அழகாக எடுக்கிறாள், வண்டி குலுங்கவில்லை, இண்டிகேட்டர், கண்ணாடி, தோள் திருப்பிப் பார்த்தல், ஒன்றும் விட்டுப்போகவில்லை. நல்ல மாணவி. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்தச் சத்தம் நல்லவர்களிடம்தான் வருகிறது. போன டிசம்பரில் அந்த பேங்க் பெண், பொங்கலுக்குப் பிறகு பல் டாக்டர், இப்போது மெஹர். எல்லாரும் கடைசி வாரங்களுக்கு வந்தவர்கள், தானாக ஓட்டுகிற நிலைக்கு வந்தவர்கள். முதல் நாள் ஏறி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற பெண்களிடம் ஒரு நாளும் வந்ததில்லை. கற்றுக்கொள்ளக் கொள்ளக் கெட்டுப்போகுமா ஒரு கால்? புதிதாக வருகிறவர்களுக்கு கிளட்சை நான்தான் மிதிக்கிறேன். வெளியாருக்கு இது தெரியாது, பயிற்சி வண்டியில் என் பக்கத்திலும் இரண்டு பெடல் உண்டு, கிளட்சும் பிரேக்கும், அவர்கள் பக்கத்துப் பெடல்களோடு இரும்புக் கம்பியால் கோத்திருக்கும். நான் மிதித்தால் அவர்கள் பெடல் இறங்கும், அவர்கள் மிதித்தால் என் பெடல் இறங்கும். முதல் பத்து நாள் அவர்கள் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள், ஓட்டுவது என் கால். ஆட்டோக்காரன் குறுக்கே வந்தாலும் எருமை வந்தாலும் அவர்கள் கத்துவார்கள், நான் மிதிப்பேன். பத்தொன்பது வருடம். கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், காலால் பிழைப்பு. என் பெயர் புனிதவதி என்று போர்டில் எழுதியிருக்கிறது, பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் என்று அதற்குக் கீழே, அதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். இதுவரை என் வண்டியில் ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இதைச் சத்தமாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

மூணாவது போடுங்க. போடுகிறாள். சத்தமில்லை. ஓடும்போது மூன்றாவதும் நாலாவதும் எப்படியோ விழுந்துவிடுகின்றன. எனக்குக் கொட்டாவி வருகிறது. மத்தியானம் இரண்டு இட்லியும் மாத்திரையும், மாத்திரை பத்து வருடமாக, மூன்றாக இருந்தது ஐந்தாகியிருக்கிறது. ராத்திரி சரியாகத் தூக்கமில்லை, கால் இரண்டும் எரிகிறது, எரிகிறது என்றும் சொல்ல முடியாது, பஞ்சு வைத்துக் கட்டியது போல ஒரு மதமதப்பு, அதற்குள் எங்கோ எரிச்சல். எரிகிறதே, அப்படியானால் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன வாரம் மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்து கேட்டைத் திறக்கிறேன், வீட்டுக்காரர் வாசலில் நின்று என் காலையே பார்க்கிறார். இடது காலில் செருப்பில்லை. எங்கடி உன் இன்னொரு செருப்பு என்றார். எனக்குத் தெரியவில்லை. வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன், அது எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், வயசானா இப்படித்தான் ஞாபகமறதி என்றேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தேடி, பிள்ளையார் கோவில் திருப்பத்தில் கிடந்ததை எடுத்துவந்து போட்டார். ஞாபகமறதி. செருப்பு போட்டிருக்கிறோமா இல்லையா என்பதை ஞாபகமா வைத்துக்கொள்வார்கள்? அது காலுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவேண்டும். இதை ஏன் இப்போது நினைக்கிறேன், ரோட்டைப் பார், முன்னால் தண்ணி லாரி போகிறது, இடைவெளி விடுங்க மெஹர், அவன் எப்ப நிறுத்துவான்னு அவனுக்கே தெரியாது. விடுகிறாள். நல்ல பெண். நாளைக்கு மட்டும் அந்த ரிவர்ஸ் விழுந்துவிட்டால் போதும்.

என் காலைச் சோதித்த டாக்டர் பெண்ணை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாலு மாதம் இருக்கும், சர்க்கரை ஆஸ்பத்திரியில் வருடாந்திரப் பரிசோதனை. படுக்க வைத்தாள், கண்ணை மூடிக்கச் சொன்னாள், மெல்லிய நைலான் நூல் ஒன்றை வைத்துக்கொண்டு பாதத்தில் தொடுவேன், தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்கம்மா என்றாள். மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம், பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள், அப்புறம் வளையல் சத்தம். அவள் கையில் கண்ணாடி வளையல், குனிந்து தொடும்போதெல்லாம் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கியது. சிணுங்கியதும் தெரியுது என்றேன். சிணுங்கியது, தெரியுது. சிணுங்கியது, தெரியுது. இரண்டு காலுக்கும் இருபது தரம். காலெல்லாம் நல்லா இருக்கும்மா என்று எழுதிக்கொடுத்தாள், என்ன வேலை பாக்கறீங்க என்றாள், வீட்டுலதான் என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். லேர்னர்ஸ் பரீட்சையில் பக்கத்துக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துத் தேர்ச்சி பெறுகிற பெண்களை வெளியே கூட்டிவந்து நான் திட்டியிருக்கிறேன், யாரை ஏமாத்தறீங்க, ரோட்டுல உங்களுக்குப் பதிலா யாரு பதில் சொல்வாங்க என்று. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது தேறிவிட்ட சந்தோஷம்தான் இருந்தது, நிஜமாகவே. ஒரு டீ குடித்தேன், சர்க்கரை போட்டு. இந்தக் கால் இல்லாவிட்டால் நான் யார்? வீட்டில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து செய்தி பார்க்கிறவள். எனக்கு வேறொன்றும் தெரியாது. பூக்கட்டத் தெரியாது, தைக்கத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படுகிற ஒருத்திக்கு பயமில்லை என்று காட்டத் தெரியும்.

கன்னங்குறிச்சி தாண்டி ரோடு அகலமாகிறது, மலை தெரிகிறது, காற்று கொஞ்சம் வருகிறது. நாலாவது போடட்டுமா என்கிறாள், போடுங்கள் என்கிறேன். வீட்டில் அவள் கணவர் வண்டி வாங்கி வைத்துவிட்டு துபாய் போய்விட்டார், ஆறு மாதமாக உறை போட்டு நிற்கிறது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் மச்சானைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, எனக்கு லைசென்ஸ் வந்துட்டா யாரையும் கேக்க வேண்டாம் மேடம் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். நான் உம் கொட்டுகிறேன். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, பெரியவர், தலையில் துண்டு, பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் பிறவியிலேயே இல்லாத ரகம். கேன் இரண்டும் இரண்டு பக்கமும் ஆடுகின்றன. அவர் திரும்பப்போகிறார். இது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று சொல்லத் தெரியாது, தோள்பட்டை ஒரு நூலளவு சாய்வதில் தெரியும், பத்தொன்பது வருடம். திரும்பிவிட்டார். சிக்னல் இல்லை, கை இல்லை, வலப்பக்கம் தோட்டத்துப் பாதைக்கு நேராகக் குறுக்கே. நான் பிரேக்கை மிதித்தேன். ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. ஒரு கணம், அதை ஒரு கணம் என்று சொல்வது தப்பு, அதற்குள் கேனின் அலுமினிய மூடியில் இருந்த நசுங்கலைக்கூடப் பார்த்துவிட்டேன், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, நான் மிதித்துக்கொண்டே இருக்கிறேன். அப்புறம் வண்டி முன்னால் குத்தி நின்றது. மெஹர் நிறுத்தினாள். பெரியவர் ஒரு முழத் தூரத்தில் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாரி மேடம், லேட்டா புடிச்சேனா?" என்கிறாள். எஞ்சின் நின்றுபோயிருக்கிறது. நான் குனிந்து பார்க்கிறேன். என் வலது கால் பிரேக்கின் மேல் இல்லை. பெடலுக்கு நாலு விரற்கடை தள்ளி, தரை விரிப்பில், பலமாக ஊன்றி, தொடை நடுங்க நடுங்க அழுத்திக்கொண்டிருக்கிறது. தரையை. பயிற்சி கொடுக்கிறவள் கீழே பார்க்கக்கூடாது, இது எங்களுக்கு முதல் பாடம், கண் ரோட்டில், கால் பெடலில், காலைத் தேடக் கண் வரக்கூடாது. நான் எப்போதிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன்? யோசித்தால் தெரிகிறது, ரொம்ப நாளாக. சிக்னலில் நிற்கும்போது ஒரு பார்வை, வளைவுக்கு முன்னால் ஒரு பார்வை, முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு பார்வை, கால் அங்கேதான் இருக்கிறதா என்று. இருக்கும். பார்த்து வைத்துக்கொள்வேன். இன்றைக்கு மலையைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். ஸ்டார்ட் பண்ணி அந்த வேப்பமரத்தடியில் ஓரமாக நிறுத்தச் சொல்கிறேன். கிளட்சை மிதித்து முதல் கியர் போடுகிறாள், கர்ர். கண் இன்னும் கீழேயே இருக்கிறது எனக்கு, எடுக்க முடியவில்லை, அதனால்தான் பார்த்தேன். என் பக்கத்துக் கிளட்ச் பெடல் இறங்கி வருகிறது, அவள் மிதிக்க மிதிக்க இறங்குகிறது, இறங்கி என் இடது காலின் மேல் வந்து நிற்கிறது. என் கால் பெடலுக்கு அடியில் இருக்கிறது.

அவள் இன்னும் அழுத்துகிறாள். முழுசா அழுத்துங்க என்று சொல்லிக்கொடுத்த பிள்ளையல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறாள், பெடலின் இரும்பு விளிம்பு புறங்காலில் பதிந்து சதை வெளுக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேறு யாருடைய காலோ போல. வலிக்கவில்லை. இது என் கால், இந்த மிஞ்சி என் மிஞ்சி, மேலே இவ்வளவு பாரம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு தகவல்கூட மேலே வரவில்லை. எப்படியோ அவள் முதல் கியரைத் திணித்துவிட்டாள், வண்டி நகர்ந்து மரத்தடியில் நிற்கிறது. காலை உருவினேன். உருவியதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். செருப்பு வார் அறுந்து தொங்குகிறது, புறங்காலில் குறுக்கே ஒரு கோடு, பழைய காயம் கறுத்து அதன் மேல் புதியது சிவந்து, கசிந்து விரல் இடுக்கில் ஈரம். எத்தனை நாள் காயம் இது? குளிக்கும்போது காலைத் தேய்க்கிறேனே. தேய்க்கிறேன், பார்ப்பதில்லை. புது மாணவிகளிடம் நான் மிதிக்கிறேன், கால் பெடலுக்கு மேல் இருக்கிறது. நன்றாக ஓட்டுகிறவளிடம் எனக்கு வேலையில்லை, காலை ஓய்வாக வைக்கிறேன், அது மெல்ல நழுவி நழுவி அடியில் போய்விடுகிறது, சொல்லாமல் போகிறது. ஏகாம்பரம் ஓட்டியபோது இந்தச் சீட் காலி. நான் ஓட்டியபோதும் காலி. எஞ்சினை அணைத்துக் கேபிள் பார்த்து ஆயில் பார்த்து ரப்பர் பார்த்து எல்லாம் பார்த்தோம், இந்தச் சீட்டில் உட்காருகிறவளை யாரும் பார்க்கவில்லை. போன மாதம் இன்ஸ்பெக்டர் முன்னால் மூன்று தரம். அந்த பேங்க் பெண் பாதியில் நின்றுவிட்டாள், எனக்கு இதெல்லாம் வராது மேடம் என்று சொல்லி அழுதாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

இல்லை, இருக்காது. ஒரு தடவை காலைப் பார்த்துவிட்டு முடிவுகட்டக் கூடாது. கேபிள் மறுபடி தளர்ந்திருக்கலாம். பிரஷர் பிளேட் போயிருக்கலாம், ஏகாம்பரம் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவில்லையே. கியர்பாக்ஸே போயிருக்கலாம். போயிருக்கட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டு கையாலும் புடவையைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொள்கிறேன், சாப்பிட உட்காருவது போல சம்மணம் போட்டு. மெஹர் ஒன்றும் புரியாமல் பார்க்கிறாள். காலில் ரத்தத்தைப் பார்க்காதபடி முந்தானையை இழுத்துவிடுகிறேன். "நியூட்ரல் பண்ணுங்க. எஞ்சின் ஓடட்டும். கிளட்ச்ச முழுசா அழுத்தி ரிவர்ஸ் போடுங்க" என்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. கிளட்ச் பெடல் இறங்குகிறது. நான் பார்த்திராத இடத்துக்கு, தரை வரைக்கும் இறங்குகிறது. சத்தம் போடு. தயவுசெய்து சத்தம் போடு. மாரியம்மா, பல்லெல்லாம் உடைந்து கொட்டட்டும், சத்தம் மட்டும் வரட்டும்.

சத்தம் வரவில்லை. கம்பி தன் பாட்டுக்குப் போய் ரிவர்ஸில் உட்கார்ந்தது.

மெஹர் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். அப்புறம் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டாள். விழுந்தது. முதல் கியர், விழுந்தது. ரிவர்ஸ், முதல், ரிவர்ஸ், எத்தனை தரம் போட்டாள் என்று நான் எண்ணவில்லை, ஒவ்வொரு தரமும் அவள் முகம் விரிந்துகொண்டே போனது, மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் பல் தெரியச் சிரிக்கிறதைப் பார்க்கிறேன். இவ்வளவு லேசா மேடம் இது என்றாள். நான் இப்ப என்ன மாத்திச் செஞ்சேன், சொல்லுங்க மேடம், நாளைக்கும் அதே மாதிரி செய்யணும் என்றாள். கணக்கு டீச்சர், விடை வந்தால் போதாது, வழி வேண்டும்.

"நீங்க ஒண்ணும் மாத்தல. மொதல்லேருந்தே சரியாத்தான் அழுத்துனீங்க. என் கால் பெடலுக்கு அடியில இருந்திருக்கு" என்றேன். "உங்கள மூணு வாரமா சும்மா திட்டியிருக்கேன். போன மாசம் உங்கள ஃபெயில் பண்ணது நான்தான்."

அவள் நம்பவில்லை. முந்தானையை விலக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தவள் அல்லாவே என்று கையை வாயில் வைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்து, கேட்காமலே என் காலைப் பிடித்துச் சுற்றிக் கட்டினாள். இறுக்கினாளா லேசாகக் கட்டினாளா எனக்குத் தெரியாது. நான் இவ்வளவு அழுத்தியும் ஏன் மேடம் ஒரு வார்த்தை சொல்லல என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். எதற்கு அந்தப் பதில் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. சொல்லத் தெரியாத வெட்கம் என்று நினைத்திருப்பாள். நல்ல மனசு, என்னைத் தேற்ற நினைத்தாள். பரவால்ல மேடம், அதான் கண்டுபிடிச்சுட்டோமே, நாளைக்கு டெஸ்ட்லயும் இதே மாதிரி நீங்க காலை மேல தூக்கி வெச்சுக்குங்க, நான் பாத்துக்கறேன் என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் மாணவி முன்னால் அழுதது இல்லை. துடைக்கவும் தோன்றவில்லை.

"காலை மேல வெச்சுக்கிட்டு இந்த சீட்ல உக்காரக் கூடாதும்மா" என்றேன். "கீழ வெச்சா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. இப்ப அந்தப் பெரியவர் குறுக்க வந்தப்ப, நான் பிரேக் புடிக்கல. நீங்கதான் புடிச்சீங்க. நீங்க மட்டும்."

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ரோட்டைப் பார்த்தாள், அந்தப் பெரியவர் போன தோட்டத்துப் பாதையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். மூன்று வாரமாக, நான் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில், இந்த ரோடெல்லாம் அவள் ஓட்டியிருக்கிறாள்.

"நாளைக்கு இந்த சீட்ல வேற ஆள் உக்காருவாங்க. உங்களுக்கு ரிவர்ஸ் விழும்" என்றேன்.

மெஹர் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைபிரேக்கை இழுத்து, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, எஞ்சினை அணைத்தாள்.